ஒரு கோடு தள்ளிப் படித்தேன்

என் மகளுக்குக் கிடைக்கவிருந்த வெளிநாட்டு வேலையைக் கெடுத்தவள் நான்தான். வேண்டுமென்றே செய்தேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கம்ப்யூட்டர் வேலையை எப்படிக் கெடுப்பாள் என்று நீங்கள் கேட்கலாம்... கெடுப்பதற்குப் படிப்பு எதற்கு!

கோ என்று ஓர் ஆட்டம். கோடு போட்ட பலகையில் கறுப்பும் வெள்ளையுமாகக் காய் வைத்து இடம் பிடிப்பது. முடியும் தறுவாயில் பலகை சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்துவிடுமாம். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே கணக்குப் போட்டு, பிறகு சேர்த்துப் பார்த்து, எங்கே முதலில் காய் வைப்பது என்று சொல்லும் புரோகிராமை என் மகள் இசக்கி எழுதினாள்.

"யம்மா, நம்ம தாராவி ரூமுங்க மாதிரிதான். ஒரு வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குப் போவாது. இடையில செவுரு இருக்குல்லா?"

"செவுத்துல ஓட்டை விழுந்தா?"

"அப்ப ரெண்டும் ஒரே வீடு. கணக்கே வேற!"

அந்த ஓட்டையைத்தான் நான் போட்டேன்.

வேலைக்கான பரீட்சைக்கு அந்த வெளிநாட்டுக் கம்பெனி ஒரு பலகையின் படத்தை அனுப்பியது. ஒரு மணி நேரத்தில் விடை சொல்ல வேண்டும். எப்போதும்போல நான் காய் இருக்கும் இடங்களைப் படித்தேன், அவள் தட்டினாள். இரண்டு துண்டுகளுக்கு நடுவே சுவராக நின்ற ஒரு வெள்ளைக் காயை ஒரு கோடு தள்ளிப் படித்தேன்.

ஏன்? நான் கூச்சக்காரி. பால்காரனிடம் பேசுவதும் அவள்தான். அவளும் போய்விட்டால்... பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

விடை தப்பு. வேலை இல்லை. இப்போது இங்கேயே நவி மும்பையில், கோபர்கைரனேயில் ஏதோ ஓர் ஆபீசுக்குப் போய்வருகிறாள்.

புரோகிராமைச் சந்தேகித்தாள். தன் மூளையைச் சந்தேகித்தாள். நான் படித்ததை மட்டும் சந்தேகிக்கவே இல்லை!

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய படத்தை எடுத்து வந்தாள். சரியான விடை எது என்று கம்பெனி அப்போதே சொல்லியிருந்தது.

"புதுசா அடிச்சுப் பாக்கேன். படிம்மா."

இந்தத் தடவை சரியாகப் படித்தேன். ஏன் அப்படிப் படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அரே! சரியா வருதே! எப்படிம்மா? நான் ஒண்ணுமே மாத்தலியே!"

"எனக்கு என்னட்டி தெரியும்?"

அரிசி களைய எழுந்துவிட்டேன். திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கம்ப்யூட்டரை மூடிவைக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை பால்காரன் கதவைத் தட்டினான். எழுந்து போய் அவள்தான் பேசினாள்.