சைட்டோகுரோம் வெளியே வந்துவிட்டால்

சாரம் பகுதியில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் நடத்திக்கொண்டிருந்தேன். அன்றைய பாடத்தில் சைட்டோகுரோம் வந்தது. சைட்டோ என்றால் செல், குரோம் என்றால் நிறம். உள்ளே இரும்பு இருப்பதால் சிவப்பாக இருக்கும் புரதம், அவ்வளவுதான் என்று பிள்ளைகளின் பயத்தைப் போக்கினேன். அதில் ‘சி’ என்று ஒரு வகை. மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளுக்கு நடுவில் அதன் குடித்தனம். ஓரிடத்தில் எலக்ட்ரானை வாங்கும், நகர்ந்துபோய் இன்னோரிடத்தில் கொடுக்கும், திரும்பி வரும். ஒரு தடவைக்கு ஒன்றுதான்.

“அது வெளிய வந்துட்டா என்னாகும் மிஸ்?” என்று முன் பெஞ்சுப் பெண் கேட்டாள்.

“செல் தன்னத்தானே அழிச்சிக்கும்” என்றேன். சொல்லிவிட்டு, அந்த வகுப்பில் மேற்கொண்டு ஒரு வரிகூட என்னால் ஒழுங்காக நடத்த முடியவில்லை.

ஹைதராபாத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. அதற்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு இரண்டே அறைகள். முன்னறை அப்பாவுடையது, பின்னால் சமையலறை அம்மாவுடையது. அப்பா வேலை பார்த்த மில்லை மூடுகிற சமயம், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் வேலையை விடுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அன்றோடு பேச்சு நின்றது. பதினோரு வருடம். விவாகரத்து, சண்டை, அடிதடி எதுவும் இல்லை. ஒரே குழம்பு, ஒரே கூரை. பேச்சு மட்டும் என் வழியாக.

“ஒங்கப்பாருகிட்ட சொல்லு, சிலிண்டர்ல கேஸ் தீந்துபோச்சு.” ஒன்பது எட்டு வைத்து முன்னறைக்கு நடந்துபோய்ச் சொல்வேன். “ஒங்கம்மாகிட்ட கேளு, நேத்தே சொல்றதுக்கு என்னாவாம்?” திரும்பி நடப்பேன். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். இருந்தும் நான் போய்ச் சொல்லும்வரை கேட்காததுபோல இருப்பார்கள். பேச்சிலிருக்கும் முள்ளையெல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். பதினோரு வருடத்தில் குறைத்துச் சொல்லியிருக்கிறேனே தவிர, இல்லாததைச் சொன்னதில்லை. எனக்கு அலுத்துவிட்டது. அவர்கள் மேல் கோபம் வந்தது, கோபம் வந்ததற்காக அழுகையும் வந்தது. நான் போய்விட்டால் கேஸ் தீர்ந்தது அப்பாவுக்கு யார் சொல்வார்கள்?

அன்று சாயங்காலம் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

“எத்தினி வருஷம்?”

“அஞ்சு வருஷம் ஆவும்பா.”

கொஞ்ச நேரம் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒங்கம்மாகிட்ட கேளு. அவ சரின்னா எனக்கும் சரி.”

அம்மா வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். “ஒங்கப்பாரு என்னா சொல்றாரு?”

“நீ சரின்னா சரியாம்.”

“அவரு மொதல்ல சரின்னு சொல்லட்டும். அப்பறம் நான் சொல்றேன்.”

மறுபடி ஒன்பது எட்டு. “அதெல்லாம் இல்ல, அவளே சொல்லட்டும்” என்றார் அப்பா. மறுபடி சமையலறை. “நான் எதுக்குச் சொல்லணும்?” என்றாள் அம்மா. நான் வீட்டைவிட்டுப் போவதற்கான சம்மதத்தையும் நானேதான் சுமந்து அலைய வேண்டியிருந்தது. நாலாவது நடையில் பாதி வழியில் நின்றேன். இப்படியே நடந்தால் வெள்ளிக்கிழமை போய்விடும், என் வயதும் போய்விடும்.

முன்னறைக்குப் போனேன்.

“அம்மா சரின்னுட்டாங்கப்பா.”

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அவளுக்குக் கேட்டுவிட்டது. நான் பொய் சொல்கிறேன் என்று சொல்ல வேண்டுமென்றால், அவள் அப்பாவிடம் வாய் திறந்து பேச வேண்டும். “நான் அப்படிச் சொல்லல” என்று மூன்றே வார்த்தை. போகக் கூடாது என்று ஆகிவிட்டாலும் பரவாயில்லை, அந்த மூன்று வார்த்தையை அவள் சொல்லிவிட வேண்டும் என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அப்பாவும் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெங்காயம் தீய்கிற வாசனை வந்தது. அப்புறம் கரண்டி மறுபடி அசைய ஆரம்பித்தது.

“சரி, போய்ட்டு வா” என்றார் அப்பா.