தோடும் கண்ணாடியும் போட்ட தலைக்கு ஒரு ஹெட்போன்

கண்ணாடி அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. மூக்குக் கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்துகிற வேலை. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் மூக்கையும் காதையும் பார்த்தே காலத்தை ஓட்டியிருக்கிறாள். அவளிடம் வருகிறவர்கள் பிரேமைப் போட்ட கையோடு நிலைக்கண்ணாடி முன்னால் போய் நின்று அழகு பார்த்துவிட முடியாது. "முதல்ல போட்டுட்டு உக்காருங்க. இந்தப் பேப்பரைப் படிங்க," என்பாள். கால் மணி நேரம் கழித்துக் கழற்றி, காதுக்குப் பின்னால் சிவப்புக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாள். கோடு இருந்தால் எவ்வளவு பெரிய மனிதரானாலும் இன்னொரு கால் மணி நேரம் உட்கார வேண்டியதுதான். முதலாளிக்கு இதில் எரிச்சல். ஆனால் அவள் பொருத்திய கண்ணாடி எதுவும் புகாரோடு திரும்பி வந்ததில்லை என்பதால் வாயைத் திறக்கமாட்டார்.

இப்பேர்ப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து துப்பாக்கியும் கையுமாக ஓடுவாள் என்றால் யார் நம்புவார்கள்? நம்பித்தான் ஆகவேண்டும். இன்டர்நெட்டில் ஆடுகிற துப்பாக்கி விளையாட்டு அது; நான்கு பேர் கொண்ட அணி. தலைவி ஒரு நர்ஸ். மற்ற இருவரில் ஒருவர் லாரி ஓட்டுகிறவர், இன்னொருவர் கணக்கு வாத்தியார். நால்வரும் நான்கு ஊர். நேரில் பார்த்துக்கொண்டதே கிடையாது. அக்காவுக்குச் சுடுவது சுமாராகத்தான் வரும். ஆனால் எதிரி எந்தப் பக்கம் வருகிறான், படியில் ஏறுகிறானா இறங்குகிறானா, கால் படுவது மரத்திலா இரும்பிலா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அதனால் அணியில் அவளுக்குக் 'காது' என்று பெயர். இந்த வயதுக்கு மேல் ஒரு மனுஷிக்குப் பட்டப்பெயர் கிடைப்பது சாதாரண விஷயமா? அது கிடைத்த வாரம் முழுக்க அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

வில்லங்கம் ஹெட்போன் வடிவில் வந்தது. அவளிடம் இருந்தது காதை இறுக்கி மூடுகிற வகை. மாட்டிய பத்தாவது நிமிடம் காது வேர்க்கும். இருபதாவது நிமிடம் கண்ணாடியின் பக்கக் கம்பி பொட்டில் அழுந்தும். நாற்பதாவது நிமிடம் தோட்டின் திருகாணி கழுத்தெலும்பு வரை குத்துவது போல வலிக்கும். கழற்றிவிடுவாள். கழற்றிய அந்த அரை நிமிடத்தில்தான் எதிரி பின்னால் வந்து நிற்பான். தொடர்ந்து மூன்று வாரம் இதே கதை. மற்ற மூவரும்தான் எப்படியோ ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள்.

நர்ஸ் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை கோப்பைக்கு பைனல். ரெண்டு மணி நேரம் போகும். பாதியில கழட்டுவீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க, என் நாத்தனாரை உக்கார வச்சுக்கறேன்."

"உன் நாத்தனாருக்கு இதெல்லாம் கேக்குமா?"

"கேக்குதோ இல்லையோ, ரெண்டு மணி நேரம் அசையாம உக்காருவா."

அக்காவுக்குச் சுருக்கென்றது. பைனலில் ஒருமுறை கழற்றினாலும் நாத்தனார் உள்ளே, தான் வெளியே. அந்த இடத்தை விட்டுக்கொடுப்பதா?

மறுநாள் அவள் செய்த காரியத்தைக் கண்ணாடிக் கடைக்காரர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். பிரேம் இறுக்கமாக இருந்தால் என்ன செய்வார்கள்? ஹீட்டரில் சூடுகாட்டி, இளகியதும் கையால் வளைத்துவிடுவார்கள். ஹெட்போனும் பிளாஸ்டிக்தானே என்று அதைக் கடைக்கு எடுத்துப் போய் ஹீட்டரில் காட்டினாள். மேல்பட்டை இளகுவதற்கு முன்னால் காது மெத்தை இளகிவிட்டது. தோல் மாதிரி இருந்த உறை சுருங்கிப் பொரிந்து விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவசரமாக வளைத்ததில் மேல்பட்டையும் முறிந்தது. கடை பூராவும் கருகல் நாற்றம். இருபத்திரண்டு வருட அனுபவசாலியின் கையில் இரண்டு துண்டாக ஒரு ஹெட்போன். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே பார்க்காதவர் போல உள்ளே போய்விட்டார். அது இன்னும் அவமானமாக இருந்தது.

வேறு வழியில்லை, புதிதாக வாங்கியாக வேண்டும். வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ஹெட்போன் விற்கிற கடைக்குப் போனாள். விற்பனையாளர் மீசைக்காரர், வாய் ஓயாதவர். பச்சையும் சிவப்புமாக விளக்கு எரிகிற ஒன்றை எடுத்து நீட்டினார்.

"கேமுக்குன்னா இதான்க்கா. பேஸ் சும்மா அதிரும்."

"காதுல எரியிற லைட்டை நான் எப்படிங்க பாக்கறது?"

"சரி, இது ஒயர்லெஸ். ஒயரெல்லாம் இப்ப யாருக்கா மாட்றா?"

"நான் மாட்டறேன். சார்ஜ் தீந்து போச்சுன்னு எதிராளிகிட்ட ரெண்டு நிமிஷம் டைம் கேக்க முடியுமா? அதுவும் போக, உள்ள ஒரு பேட்டரியையும் நான்தான தலையில சுமக்கணும்?"

மாட்டி உட்கார்ந்தாள். கால் மணி நேரம். கழற்றினாள். கைப்பையிலிருந்து சின்ன நிலைக்கண்ணாடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் பார்த்தாள். சிவப்புக் கோடு. "அடுத்தது." மறுபடி கால் மணி நேரம். மறுபடி கோடு. நாலாவதற்கு வரும்போது மீசைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னக்கா, கல்யாணத்துக்கு மாப்பிள்ளையா பாக்கறீங்க?"

அக்கா அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். கோபத்தில் இல்லை. "உங்க கண்ணாடி வலது பக்கம் தூக்கிட்டு நிக்குது. சாயங்காலமானா தலை வலிக்குமே?"

"எப்படிங்க தெரியும்? வலிக்குதுங்க. ஆறு மாசமா."

"கழட்டுங்க."

இரண்டு விரலால் கம்பியை ஒரு வளை, மூக்குத் திண்டை ஒரு அழுத்து. திரும்ப மாட்டிவிட்டாள். மீசைக்காரர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு உள்ளே போய், மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தார்.

பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. கறுப்பு. விளக்கு கிடையாது. காதுக்கு வெளிப்புறம் மூடியே இல்லாமல் வெறும் கம்பி வலை. உள்ளே வெல்வெட் மெத்தை. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை.

"இது பின்பக்கம் திறந்த வகைங்க. காத்து போகும், வேர்க்காது. சத்தம் மண்டைக்குள்ள அடைக்காம வெளியில விரிஞ்சு கேக்கும். ஆனா ஒண்ணு, முன்னாடியே சொல்லிடறேன். வெளிச் சத்தம் உள்ள வரும், உள் சத்தம் வெளிய போகும். அதனால யாரும் கேக்கறதில்ல, மேல தூக்கி வச்சுட்டேன்."

அக்கா அதை மாட்டிக்கொண்டு, முப்பது வருடமாகத் தனக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் போடச் சொன்னாள். அதில் சரணத்துக்கு முன்னால் ஒரு அம்மா 'ஆ' என்று இழுப்பாள். ஒரு அம்மா என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். மூன்று பேர்! இடது ஓரம் ஒருத்தி, நடுவில் ஒருத்தி, வலது பக்கம் தள்ளி ஒருத்தி. அந்த வலது பக்கத்து அம்மா ஒரு நூல் தாமதமாக ஆரம்பிக்கிறாள். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கழற்றிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் கோடு இல்லை. தோடும் குத்தவில்லை.

"கட்டிக் குடுங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. கூடத்தின் ஒரு மூலையில் கம்ப்யூட்டர், எதிர் மூலையில் டிவி. அக்காவின் கணவர் லிப்ட் பழுதுபார்க்கிறவர். வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டில் இருக்கிறவர்.

"மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் டிவி போடாதீங்க. இதுல எல்லாமே உள்ள கேக்கும்."

"நல்லாருக்கே! நீ சுடறதுக்கு நான் ஊமையா உக்காரணுமா?" என்று முணுமுணுத்தாலும், ரிமோட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தார்.

மூன்று ஆட்டம். முதல் ஆட்டம் கையை விட்டுப் போனது. இரண்டாவதை வாத்தியார் மீட்டுக்கொடுத்தார். நாற்பதாவது நிமிடம் வந்ததையும் போனதையும் அக்கா கவனிக்கவே இல்லை. நர்ஸ்தான் கவனித்திருக்கிறாள். "அக்கா, இருக்கீங்களா?" என்று நடுவில் ஒருமுறை கேட்டாள். "இருக்கேன், ஆட்டத்தைப் பாரு," என்று அதட்டல் போனது.

மூன்றாவது ஆட்டத்தில் எல்லாம் தலைகீழானது. லாரிக்காரர் விழுந்தார். வாத்தியார் விழுந்தார். நர்ஸும் விழுந்தாள். மிச்சம் அக்கா ஒருத்தி, எதிரில் இரண்டு பேர். ஒரு பழைய கிடங்கில், இரும்புப் படிக்கட்டுக்குக் கீழே ஒளிந்திருந்தாள். இவளுக்குத்தான் சுடவே வராதே என்று மூன்று பேரும் மனதுக்குள் கை கழுவியிருப்பார்கள்.

மேலே இரும்பில் காலடி. ஒருவன் இறங்குகிறான். சரி, இன்னொருவன் எங்கே? அக்கா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வலது பக்கம், சுவருக்கு அந்தப் புறம், மிகச் சின்னதாக ஒரு 'கிளிக்'. குண்டு மாற்றுகிறான். பழைய ஹெட்போனாக இருந்திருந்தால் வலது என்பதோடு போயிருக்கும். இதில் எத்தனை அடி தூரம், குனிந்திருக்கிறானா நிற்கிறானா என்பது வரைக்கும் தெரிந்தது. குண்டு மாற்றி முடிப்பதற்குள் சுவரைச் சுற்றிப் போய் நேருக்கு நேர் நின்றாள். அந்தத் தூரத்தில் சுமாராகச் சுடுகிறவர்களுக்கும் குறி தப்பாது. சத்தம் கேட்டு மற்றவன் தடதடவென்று இறங்கி ஓடி வந்தான். இரும்பு, இரும்பு, இரும்பு, அப்புறம் சிமென்ட். சிமென்டில் அவன் கால் பட்ட நொடியில் அக்கா திரும்பியிருந்தாள்.

ஜெயித்தாகிவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் ஒரு கோப்பையை ஜெயிப்பது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று யாருமே அவளிடம் சொன்னதில்லை.

இரண்டு காதிலும் ஒரே கூச்சல். வலை வழியாக அது கூடம் முழுக்கக் கொட்டியது. லாரிக்காரர் அழுதுகொண்டே கத்தினார். வாத்தியார் மேசையைத் தட்டினார். "அக்கா, நீங்க இல்லாம நாங்க இல்லக்கா! நாத்தனாராவது ஒண்ணாவது!" என்று நர்ஸ் தொண்டை கட்டக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். கணவர் பேப்பரை எப்போதோ கீழே போட்டுவிட்டு, அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். இத்தனை நாள் அவருக்கு அந்த மூலையில் தெரிந்ததெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொள்கிற ஒரு முதுகுதான்.

"இவங்க எல்லாம் உன்னையா சொல்றாங்க?"

"என்னைத்தான்."

அவர் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வை," என்றார்.

அக்கா வைத்தாள்.