கயிறு வரைக்கும் ஓடாத படம்

தொக்தாரைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். தம்பியைச் சாகக் கொடுத்தவன் என்று ஒரு கட்சி, கிறுக்குப் பிடித்தவன் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் என் வீட்டில் டீ கிடையாது. நிலக்கரிச் சுரங்கத்து விளக்கு அறையில் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவள் நான். கீழே இறங்கும் ஒவ்வொருவனுக்கும் தலைவிளக்கும் மூச்சுப்பெட்டியும் என் ஜன்னல் வழியாகத்தான் போகும். நடந்ததை நான் பார்த்தேன்.

தொக்தாருக்கு ஒரு காது கேட்காது. அதனால் சுரங்கத்தில் இறங்க அனுமதி இல்லை. கஜகஸ்தானில் எங்கள் கரகண்டாப் பக்கத்தில் ஆம்பிளைக்கு இதைவிடத் தலைக்குனிவு வேறில்லை. மேலேயே தொலைபேசி, கணினி என்று பழுது பார்த்துக் காலம் தள்ளினான். அப்பன் நெஞ்சில் கரி அடைத்துச் செத்தபோது தம்பி மெய்ராம் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். வளர்த்து ஆளாக்கியது அண்ணன்தான். வளர்ந்த தம்பி கீழே இறங்கினான். அவன் ஷிஃப்ட் இறங்கும் நேரத்தில் அண்ணன் என் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு வயரை நோண்டிக்கொண்டு நிற்பான். அந்த வயரில் ஒரு பழுதும் இருக்காது.

அந்த இலையுதிர்காலத்தில் மூச்சுப்பெட்டிகள் மாறின. இடுப்பில் தொங்கும் தகரப்பெட்டி அது. கீழே புகை சூழ்ந்தால் திறந்து வாயில் கவ்விக்கொள்ள வேண்டும், மேலே வந்து சேரும்வரை காற்று தரும். பழைய பெட்டி மூடியைப் பிய்த்தாலே வேலை செய்யும். புதியதில் அதற்குப் பிறகும் ஏதோ செய்ய வேண்டும் என்றார்கள். என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. கூடவே வந்த காகிதம் சீன மொழியில் இருந்தது. முத்திரையை உடைத்தால் பெட்டி வீண். ஒன்றே ஒன்றைத் திறந்து காட்டுங்கள் என்று தொக்தார் கேட்டதற்கு, பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் ஒராஸ்பாயெவ், இணையத்தில் இருக்கும் பயிற்சிப் பாடத்தில் எல்லாம் படமாக இருக்கிறது, போய்ப் பார் என்றுவிட்டார்.

படம் இருந்தது, ஓடத்தான் இல்லை. பெட்டி செய்தவர்கள் என்றோ எடுத்த படம் அது. ஃபிளாஷ் பிளக்-இன் என்ற பழைய துணைமென்பொருள் இருந்தால்தான் தெரியும். ஃபிளாஷையோ உலகமே கைவிட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. பயிற்சி அறையின் பழைய கணினிகளை எடுத்துவிட்டு டேப்லட் வாங்கி வைத்திருந்தார்கள். அதில் பாடத்தைத் திறந்தால் படம் வரவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல்நிறச் சதுரம். ஆனால் 'அடுத்து' பொத்தான் மட்டும் ஜோராக வேலை செய்தது. அமுக்கிக்கொண்டே போனால் கடைசியில் தேர்ச்சி. நம் ஆட்களுக்குக் கேட்க வேண்டுமா? சிகரெட் அணைவதற்குள் ஷிஃப்ட் முழுக்கத் தேறிவிட்டது. மெய்ராமும் தேறினான்.

தொக்தாருக்கு மட்டும் பொறுக்கவில்லை. ஒரு டேப்லட்டை வீட்டுக்கு எடுத்துப் போனான். புது இணைய உலாவி எதுவும் ஃபிளாஷை ஏற்காது என்பதால், எங்கெங்கோ தேடிப் பழைய உலாவி ஒன்றைப் பிடித்தான். பிளக்-இன்னைக் கைப்பட நிறுவினான். காலாவதி ஆகிவிட்டது என்று அது அடம்பிடித்தது. டேப்லட்டின் தேதியை ஒரு வருஷம் பின்னால் தள்ளினான். அப்புறம் வழிக்கு வந்தது. மறுநாள் காலை என் ஜன்னல் பலகையில் அதைச் சாய்த்து வைத்து, இறங்கப் போகிறவர்களைக் கூப்பிட்டான்.

தொக்தார் கொட்டகை என்று கேலி செய்தபடி நின்று பார்த்தார்கள். படத்தில் ஒருவன் பெட்டியை மார்புக்குக் கொண்டுவந்தான், மூடியைப் பிய்த்தான், குழாயை வாயில் வைத்தான். கையைக் கீழே கொண்டுபோனான். படம் அங்கேயே உறைந்துவிட்டது. மறுபடி போட்டான், மறுபடி அதே இடம். பிளக்-இன் அதற்குமேல் தாங்கவில்லை. ஆட்கள் சிரித்துக்கொண்டே லிஃப்டுக்குப் போனார்கள். மெய்ராம் மட்டும் நின்றான்.

"இந்த வாரம் லீவு போடுடா. அதுக்குள்ள முழுசா ஓட வச்சிடுறேன்."

"படம் பாக்கணும்னு லீவு கேட்டா செருப்பால அடிப்பாங்கண்ணே. மூடிய பிச்சு வாயில வைக்கணும், அதான் பாத்துட்டேனே."

"கைய கீழ கொண்டுபோறான்டா. எதுக்கு?"

"அரிச்சிருக்கும்," என்றான் மெய்ராம். நானும் சிரித்துவிட்டேன்.

தொக்தார் ஒராஸ்பாயெவிடம் ஓடினான். படம் வேறு வடிவில் கிடைக்குமா என்று பெட்டிக்காரர்களைக் கேளுங்கள் என்று கெஞ்சினான். எல்லாரும் தேறியாகிவிட்டது, இனிமேல் கேட்டால் நமக்குத்தான் தலைவலி, டேப்லட்டைத் திருப்பி வை என்று பதில் வந்தது. அவன் திருப்பி வைக்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் கரி ஏற்றும் பெல்ட் தீப்பிடித்தது. பெரிய தீ இல்லை, புகைதான். மற்றவர்கள் காற்று வரும் பக்கம் நின்றிருந்ததால் பெட்டியே தேவைப்படாமல் தப்பித்தார்கள். மெய்ராம் தனியாக உள்ளே இருந்தான். மேலே கொண்டுவந்தபோது குழாய் அவன் வாயிலேயே இருந்தது. என் ஜன்னல் வழியாகப் போன பெட்டியை நான்தான் கழற்றி வாங்கினேன். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி அன்றைக்கு அழுதேன்.

விசாரணைக்கு நகரத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பெட்டி கொடுத்தவள் என்பதால் என்னையும் உட்கார வைத்தார்கள். இறந்தவர் முழுப் பயிற்சி பெற்றவர், பதற்றத்தில் தவறாகக் கையாண்டிருக்கிறார் என்று ஒராஸ்பாயெவ் சொன்னார். தொக்தார் எழுந்தான்.

"யாரும் படத்தப் பாக்கலங்க. அது ஓடவே இல்ல."

நான் ஆமாம் என்றேன். நீங்கள் பெட்டியைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்றார்கள். ஒராஸ்பாயெவ் பயிற்சி அறையிலிருந்து ஒரு டேப்லட்டை வரவழைத்து, பாடத்தைத் திறந்து நடுவில் வைத்தார். விரல் பட்டதும் படம் தெளிவாக ஓடியது. மெய்ராமை அடக்கம் செய்த மறுநாளே புது வடிவில் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு கடிதம் எழுதினால் கிடைக்கக்கூடியதாகத்தான் அது இத்தனை நாளும் இருந்திருக்கிறது. ஓடாத டேப்லட் தொக்தாரின் வீட்டில் இருந்தது. அதைக் காட்டினான். தேதி மாற்றியிருக்கிறது, கண்டதையும் ஏற்றியிருக்கிறது, கருவியைக் கெடுத்ததே இவன்தான் என்று எழுதிக்கொண்டார்கள்.

தொக்தார் நடுவில் ஓடிக்கொண்டிருந்த படத்தையே பார்த்தான். படத்தில் இருந்தவன் மூடியைப் பிய்த்தான், குழாயை வாயில் வைத்தான், கையைக் கீழே கொண்டுபோனான். இந்தமுறை படம் நிற்கவில்லை. பெட்டியின் அடியில் தொங்கிய சிவப்புக் கயிற்றை அவன் ஒரு இழுப்பு இழுத்தான். காற்றுப்பை உப்பியது.

"கயிறு," என்றான் தொக்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு கயிறு, அக்கா," என்றான்.

மெய்ராமின் பெட்டி என் மடியில் இருந்தது. சிவப்புக் கயிறு சுற்றியது சுற்றியபடி அதில் இருந்தது.