அனுமதி என்ற பொத்தான்

நைனாவின் கருமாதி முடிந்த மறுநாள் வாரிசு சான்றிதழுக்கு மனு போட வேண்டியிருந்தது. உத்திரமேரூர் தாலுகா ஆபீஸ் வரை போய், வழியில் துக்கம் விசாரிக்கிற எல்லோருக்கும் பதில் சொல்லப் பிடிக்காமல், அவருடைய கணினியையே திறந்தேன். அரசுத் தளத்தைத் தேடினால் ரம்மி விளம்பரம் வந்தது. அதை மூடினால் இன்னொன்று வந்து, வைரஸ் இருப்பதாக மிரட்டியது. எனக்கு எரிச்சல்கூட வழக்கம்போல வரவில்லை.

அவர் உயிரோடு இருந்தபோது இதற்காக அவரிடம் நிறைய கத்தியிருக்கிறேன். எந்த இணையப் பக்கம் எதைக் கேட்டாலும் 'அனுமதி' என்பதை அமுக்கிவிடுவார்.

"இன்னாத்துக்குடா கத்திக்கினு கீற? வேணாம்னு அமுக்கினா மனுவைத் தள்ளிடுவாங்க. பட்டா மனு ஏற்கெனவே ரெண்டு தபா திரும்பி வந்துகீது" என்பார்.

ஆபீசுகளில் எதற்கும் தலையாட்டியே பழகியவர். கணினியும் ஆபீசைச் சேர்ந்ததுதான் என்று நினைத்தார். அறிவிருக்கிறதா என்று ஒரு தரம் கேட்டுவிட்டேன்.

உலாவியின் செட்டிங்ஸுக்குள் போனேன். அவர் அனுமதித்த தளங்களெல்லாம் அங்கே நீளமான பட்டியலாக இருந்தன. ஒவ்வொன்றாக நீக்கினேன். கூடவே உலாவியில் ஏறியிருந்த நீட்டிப்பு நிரல்களை எடுத்துவிட்டு, தேடல் பக்கத்தைப் பழையபடி மாற்றினேன். விளம்பரங்கள் நின்றன.

அரசுத் தளம் ஒழுங்காகத் திறந்தது. இறந்தவர் பெயர் என்ற கட்டத்தில் நைனாவின் பெயரை அடித்தேன். அறிவிப்புகள் அனுப்பலாமா என்று மேலே ஒரு சின்னப் பெட்டி கேட்டது. 'தடு' என்பதன் மேல் அம்புக்குறியைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு 'அனுமதி'யை அமுக்கினேன்.