நான் அழித்த 4417

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம். பேய் என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தியாக இருந்தவள்தான். நான் படித்தது கணிதத் தர்க்கம். நிரூபிக்காமல் எதையும் ஏற்றுக்கொள்வது எங்கள் தொழிலில் கேவலம். வாய்க்கு வாய் "ஆகவே" என்று பேசுவதால் என் கணவர் எனக்கு வைத்திருக்கும் பெயரே "ஆகவே"தான்.

அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பேதாலஜி பிரிவில் என் ஆராய்ச்சி. உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதையை மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்றுநோயா இல்லையா என்று சொல்கிற இடம். டாக்டர்கள் எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்பதை முப்பது விதிகளாக எழுதியிருந்தேன். நான் காட்ட வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எந்த நோயாளிக்கும் இரண்டு விதிகள் எதிரெதிரான பதில் சொல்லாது. காட்டிவிட்டால் முனைவர் பட்டம். இல்லாவிட்டால் ஆறு வருடம் குப்பைக்கு. திங்கட்கிழமை கடைசி நாள். ஏற்கெனவே இரண்டு முறை கெடு வாங்கியாயிற்று, மூன்றாவது முறை கிடையாது.

பிரிவின் தலைமை டாக்டரம்மா கொடுத்த பழைய நோயாளிகளின் பதிவுகள் என் கணினியில் இருந்தன. மொத்தம் 6,112. விதிகளை எழுதி முடித்து, கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். 6,111 பேருக்கு விதிகள் ஒற்றுமையாக இருந்தன. ஒருத்திக்கு மட்டும் இல்லை. பதிவு எண் 4417. பெண், வயது முப்பத்தெட்டு. ஒன்பதாம் விதி "பயமில்லை" என்றது. இருபத்து மூன்றாம் விதி "புற்றுநோய்" என்றது.

ஆறாயிரம் பேருக்குச் சரியாக இருந்து ஒருத்திக்குத் தவறினாலும் தர்க்கத்தில் அது பொய்தான். என் பேராசிரியருக்குப் போன் போட்டேன்.

"ஒரே ஒரு கேஸா? டைப் அடிச்சவன் தப்பா அடிச்சிருப்பான். தூக்கிப் போடும்மா."

அந்த ஸ்லைடைத் தேடியெடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அதுதான் முறை. நான் பார்க்கவில்லை. சனிக்கிழமை மாலை 6:05க்கு அந்த வரியை அழித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று ரொம்ப நிம்மதியாக இருந்தது.

மறுநாள் ஆய்வேட்டில் சேர்க்க ஒரு படம் மட்டும் பாக்கி. காவலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு பேதாலஜி பிரிவுக்குப் போனேன். மணி 2:10. ஒருவரும் இல்லை. மூலையில் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. ஃபார்மலின் வாடை எப்போதும் போலக் கண்ணைக் கரித்தது.

அங்கே இருப்பது இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற மைக்ராஸ்கோப். ஒரு பக்கம் டாக்டரின் நாற்காலி. ஸ்லைடை நகர்த்துவது அவர்தான். பார்வைக்குள் ஒரு பச்சை அம்பு வரும், அதை நகர்த்தி "இதைப் பார்" என்று காட்டுவதும் அவர்தான். எதிர்ப்பக்கம் உட்காருகிறவர் வெறுமனே பார்க்கலாம், அவ்வளவுதான். டாக்டரம்மாவின் நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்தால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆறு வருடமும் நான் எதிர் நாற்காலிதான்.

2090 என்று எண் போட்ட ஸ்லைடை எடுத்து வைத்தேன். டாக்டர் பக்கம் நின்றபடியே காட்சியைத் தெளிவாக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் என் நாற்காலிக்கே வந்து குனிந்தேன். இளஞ்சிவப்பில் ஊதாப் புள்ளிகள். போனில் படம் எடுக்கப் போனேன்.

2:19. பச்சை அம்பு எரிந்தது.

அதன் சுவிட்ச் டாக்டரின் பக்கம் இருக்கிறது. ஏதோ லூஸ் கனெக்‌ஷன் என்று நினைத்தேன்.

அம்பு நகர்ந்தது.

நிமிர்ந்தேன். எதிரே யாரும் இல்லை. "தூக்கம் கெட்டா இப்படித்தான்" என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடி குனிந்தேன்.

இந்த முறை ஸ்லைடே நகர்ந்தது. கிரிக்... கிரிக்... திருகு திரும்பும் சத்தம். யாரோ அவசரமே இல்லாமல் தேடுகிறார்கள். சதையின் ஓரத்துக்குப் போய் நின்றது. அங்கே கறுத்த செல்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. நான் டாக்டர் இல்லை. ஆனாலும் அது என்னவென்று தெரியாத அளவுக்கு முட்டாளும் இல்லை.

அம்பு அதைக் குத்தியது. மறுபடி குத்தியது. எண்ணினேன். எண்ணுவது என் வியாதி. ஒன்பது முறை. நின்றது. பிறகு மறுபடியும்...

இருபத்து மூன்று.

எழப் பார்த்தேன்.

முடியவில்லை.

பின்னந்தலையில் ஒரு கை.

சில்லென்று... ஈரமாக...

அழுத்தியது. மைக்ராஸ்கோப்பின் குழாய்கள் கண்ணைச் சுற்றி எலும்பில் பதிந்தன. கத்தினேன். சத்தம் வரவில்லை. எதிரே இன்னும் அந்த கிரிக்... கிரிக்...

"பாரு."

பெண் குரல். காதோரம். அவ்வளவு கோபத்தை நான் எந்தக் குரலிலும் கேட்டதில்லை.

"பா... பாத்துட்டேன்..."

"நல்லா பாரு."

"திரும்பச் சேத்துடறேன்... சத்தியமா சேத்துடறேன்..."

கை விலகியது.

2:31.

ஸ்லைடைப் பார்த்தேன். நான் வைத்தது 2090. இப்போது அதில் பென்சிலால் எழுதியிருந்தது 4417.

பக்கத்து அறைக்கு ஓடி, பழைய பிரதியிலிருந்து அந்த வரியை எடுத்து மறுபடி சேர்த்தேன். மூன்று முறை தப்பாக அடித்தேன். ஓட்டிப் பார்த்தால் சிவப்பில் ஒரே ஒரு சொல் வந்தது: முரண். என் ஆறு வருடம் போயிற்று. அழக்கூடத் தோன்றவில்லை, வெளியே போனால் போதும் என்றிருந்தது.

வீட்டில் கதவைத் திறந்த கணவர் திகைத்து நின்றார்.

"என்ன ஆகவே, கண்ணைச் சுத்தி ரெண்டு பக்கமும் கன்னிப்போயிருக்கு?"

இடித்துக்கொண்டேன் என்றேன்.

திங்கட்கிழமை பேராசிரியர் கத்தித் தீர்த்தார். பட்டம் கிடைக்கவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை. அங்கிருந்து நேராக டாக்டரம்மாவிடம் போனேன். மணி 11:20.

"மேடம், 4417 யாரு?"

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அந்த நம்பர் உனக்கு எப்படித் தெரியும்?"

நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நான் அங்கே சேர்வதற்கு முந்தின வருடம் வந்த நோயாளியாம் அவள். இவர்தான் அந்த ஸ்லைடைப் பார்த்தவர். நடுவில் மட்டும் பார்த்துவிட்டு, ஓரத்தைப் பார்க்காமல், "பயமில்லை" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஓரத்தில் இருந்ததை அவருடைய உதவி டாக்டர் தனியாகக் குறித்து வைத்திருந்தும் அதை மதிக்கவில்லை. வலி தாங்காமல் அவள் திரும்பி வந்திருக்கிறாள்.

"எதிர் நாற்காலியில உக்காந்துக்கிட்டு, எனக்கும் ஒரு தடவை காட்டுங்க டாக்டர்னு கெஞ்சினா. பாத்தா உனக்கு என்ன புரியும், எழுந்து போன்னு விரட்டிட்டேன். நாலு மாசத்துல போயிட்டா."

"அந்த ஸ்லைடு..."

"அவ வீட்டுக்காரர் எல்லாத்தையும் வாங்கி, என் கண்ணு முன்னாடியே தரையில போட்டு உடைச்சுட்டார். ஒண்ணுகூட மிஞ்சல."

"பதிவு மட்டும் இருந்துச்சே மேடம். அதைத்தானே நான் அழிச்சேன்."

டாக்டரம்மா தன் கணினியைத் திறந்து, ஆறு வருடத்துக்கு முன் எனக்குக் கொடுத்த பட்டியலின் மூலத்தைக் காட்டினார். கீழே மொத்தம் என்ற இடத்தில் 6,111 என்று இருந்தது. விரலால் ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டே போனார். 4415. 4416. அதற்கு அடுத்த வரி 4418.

"மாட்டிக்குவேன்னு பயந்து, உனக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே அதை நான் எடுத்துட்டேன்" என்றார். "நான் குடுத்ததுல அவ இல்லவே இல்லம்மா."