ஈப்போ ஸ்டேசனில் ஒரு கனமான ரவிக்கை

வெளியூர்ச் சொந்தக்காரர்கள் யாராவது ஈப்போவுக்கு வந்தால், ரயில் நிலையத்தைச் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில்தான் விழும். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான். அந்த வெள்ளைக் கும்மட்டங்களை எந்த வெள்ளைக்காரன் கட்டினான், எந்த வருசம் கட்டினான் என்று கேட்டால் முழிப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். மழை பெய்தால் படிக்கட்டு வழுக்கும். கைப்பையை முன்பக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள். எதிரே நிற்கிற மரத்தை எட்ட நின்று பாருங்கள். காற்றடித்தால் அதுவும் வேண்டாம்.

"அக்கா சுத்திக் காட்டுறாங்களா, பயங்காட்டுறாங்களா?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு அந்த ஸ்டேசனை முதன்முதலில் சுற்றிக் காட்டியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அதற்குப் பிறகு வேறு மாதிரிச் சுற்றிக் காட்ட எனக்கு வரவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. ஈப்போவை அடுத்த செமோருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடத் தொடங்கியிருந்த காலம். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, எங்களோடுதான் இருந்தார். அவரைப் பெண் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் ரயிலில் வருவதாகப் பேச்சு. எப்போது வருகிறார்கள் என்று தொலைபேசியில் சொல்வதாக ஏற்பாடு. வரிசையாக நின்ற லயத்து வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே தொலைபேசி. அது, நாங்கள் நானா என்று கூப்பிடும் மளிகைக் கடைக்காரரின் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக நானா கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"தங்கச்சி, மாப்பிள வீட்டுல இருந்து போன் வந்துச்சு. இப்போ வர்றாங்களாம்!"

"இப்போவா?" அம்மா கையிலிருந்த விளக்குமாற்றைப் போட்டுவிட்டார். "வீடு கெடக்குற கெடையில இப்போவா நானா?"

அவர்கள் சொன்னது, ஈப்போ வருகிறோம் என்று. ஈப்போ ஊர், இப்போ நேரம். இரைச்சல் போடும் தொலைபேசியில் ஓர் 'ஈ' எவ்வளவு நீண்டது என்று எந்தக் கடைக்காரர் அளந்து பார்ப்பார்? ராத்திரி ரயிலில் ஏறி, விடிந்ததும் வந்து இறங்கிவிட்டார்கள் போல என்று அம்மாவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். மாமாவுக்கு யாரிடமோ வேன் இரவல் வாங்கிக் கொடுத்து ஸ்டேசனுக்கு விரட்டினார். சின்னப் பிள்ளை கூடப் போனால் நல்லது என்று என்னையும் ஏற்றினார்.

சின்னம்மாதான் எனக்குத் தலை சீவிவிட்டார். வழக்கத்தைவிட மெதுவாகச் சீவினார். பிறகு அம்மாவிடம், "ஈப்போவுல தையக்காரக்கா வீட்டுல என் ஜாக்கெட்டு இருக்கு. பஸ் ஏறிப் போயி வாங்கிட்டு வந்துடறேன்" என்றார்.

"நல்ல நேரம் பாத்த போ! அவங்க வந்து உக்கார்றதுக்குள்ள ஓடி வந்துரு."

நாங்கள் போய்ப் பார்த்தால் ஸ்டேசனில் ஒருவரும் இல்லை. காத்திருந்தோம். மாமா இரண்டு கோப்பி குடித்தார். அவர்கள் வந்து, எங்களைக் காணாமல், கோபித்துக்கொண்டு திரும்பிப் போயிருப்பார்கள் என்று நான் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு கறிபாப்பைத் தின்னச் சொன்னார். பசியே இல்லை, பயத்தில் தின்றேன்.

உச்சி வெயில் நேரத்தில் ஒரு ரயில் வந்து நின்றது. அதிலிருந்து அவர்கள் இறங்கினார்கள். மாப்பிள்ளை ஒல்லியாக இருந்தார், சட்டைக்குக் காலர் வரை பொத்தான் போட்டிருந்தார். அவர் அம்மா பட்டுச் சேலையும் வியர்வையுமாக இருந்தார். மாமா உடனே பொதுத் தொலைபேசிக்கு ஓடிக் கடைக்கு அடித்தார். நானாவின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"பொண்ணு இன்னும் வந்து சேரலையாம்லா! ஒங்கக்கா சொல்றாங்க, அவங்கள அங்கேயே கொஞ்சம் புடிச்சு வைங்க!"

மாமா லோரி ஓட்டுபவர். அந்த ஸ்டேசனைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, லோரியை எங்கே நிறுத்தினால் சம்மன் வராது என்பது மட்டும்தான். ஆனாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, "ஈப்போவுக்கு வந்துட்டு ஸ்டேசன சுத்திப் பாக்காமப் போலாமாக்கா?" என்று அவர்களை வெளியே வெயிலுக்கு அழைத்துப் போனார். திரும்பி நின்று கட்டடத்தை நோக்கிக் கையை வீசினார்.

"இதுதான் ஈப்போ தாஜ்மகால்!"

ஊரே அப்படித்தான் சொல்லும். ஆனால் தாஜ்மகாலைப் பற்றி எங்கள் பள்ளிப் பாடத்தில் இருந்தது. எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மாமா, தாஜ்மகால் சமாதிதானே? இங்க யாரப் பொதைச்சிருக்காங்க?"

மாப்பிள்ளையின் அம்மா நின்றுவிட்டார். "சமாதியா? நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல சமாதியவா காட்டுறீங்க?"

"ஐயோ, சும்மா பேருக்குச் சொல்றதுக்கா. ஆளுங்க யாரும் இல்ல. வாங்க, இந்தப் பக்கம் ஒரு அழகான தூண் இருக்கு." அவசரமாக எதிர்ப்பக்கம் கூட்டிப் போனார். அந்த அழகான தூண், போரில் செத்தவர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னம். அங்கே போய் நின்ற பிறகுதான் மாமாவுக்கே அது ஞாபகம் வந்தது போலிருக்கிறது. சமாளிக்கிறேன் பேர்வழி என்று, "ஜப்பான்காரன் காலத்துல நம்மாளுங்க சயாமுக்கு ரயில் போடப் போயி செத்தாங்கள்ல, அவங்களையும் சேத்துத்தான்க்கா" என்றார்.

அந்த அம்மாவின் பெரியப்பா சயாமுக்குப் போய்த் திரும்பாதவர். அங்கேயே முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"அலாமாக்" என்று மாமா முனகினார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தோள் குலுங்கியது. அவரும் அழுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

"சரி, அத விடுங்க. இந்தா, மரம்! இந்த மரத்தாலதான் ஊருக்கே ஈப்போன்னு பேரு. காட்டுல உள்ளவங்க இதோட பால அம்புல தடவி வேட்டையாடுவாங்களாம். தொட்டாப் போதும், கத முடிஞ்சிரும்!"

சொல்லி வாய் மூடவில்லை, ஓர் இலை சுழன்று வந்து என் கையில் விழுந்தது.

நான் ஓடினேன். சமாதி, தூண், விஷம் எல்லாம் சேர்ந்து துரத்துவது போல் ஸ்டேசனுக்குள் ஓடினேன். தண்ணீர்க் குழாய் எங்கே என்று தெரியவில்லை. தெற்கே போகும் ரயில் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. பிளாட்பாரத் தூண் ஒன்றுக்குப் பின்னால், தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் பையோடு ஒதுங்கி நின்றார். சால்வையை எனக்குத் தெரியும்.

"சின்னம்மா! நான் சாகப் போறேன்!"

சின்னம்மா ரயிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பையை அப்படியே கீழே போட்டுவிட்டு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போய், முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். "எலை பட்டா யாரும் சாக மாட்டாங்க பாப்பா, அழாத" என்று சொன்னவரின் கண்ணில்தான் தண்ணீர் இருந்தது. கழுவிக்கொண்டிருந்தபோதே விசில் அடித்தது. ரயில் நகர்ந்தது. கடைசிப் பெட்டி போய் மறையும் வரை சின்னம்மா என் கையை விடவில்லை.

திரும்பினால், மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். என்னைத் தேடி அவர்தான் முதலில் ஓடி வந்திருக்கிறார். சின்னம்மாவின் படத்தை அவர் முன்பே பார்த்தவர். கீழே கிடந்த பையைப் பார்த்தார். சின்னம்மாவின் விரலிடுக்கில் ஈரமாகிப் போயிருந்த டிக்கெட்டைப் பார்த்தார்.

"அந்த ரயிலா?" என்று மெதுவாகக் கேட்டார்.

சின்னம்மா ஆமாமென்று தலையை ஆட்டினார். மாப்பிள்ளை எந்த ரயிலில் வந்தார் என்று பேசிக்கொள்கிறார்கள் என நினைத்து, "இவங்க அதுல வரல சின்னம்மா, அது போற ரயிலு" என்று நான் திருத்தினேன்.

"கோலாலம்பூர்ல வேல கெடச்சிருக்கு" என்றார் சின்னம்மா, தரையிடம் சொல்வது போல. "அக்காகிட்டச் சொன்னா விட மாட்டாங்க. நீங்க காலையிலயே வந்து எறங்கி எங்க வீட்டுக்குப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன். இப்போன்னுதானே சொன்னாங்க."

"ஈப்போன்னு சொன்னோம்" என்றார் அவர்.

அதற்குள் மாமாவும் அந்த அம்மாவும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். "பாத்தியா, பொண்ணு நம்மள அழைக்க ஸ்டேசனுக்கே வந்துருச்சு!" என்று அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

மாமா ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. "எங்க குடும்பத்துல மரியாத அப்படித்தான்லா அக்கா. ஜாக்கெட்டு வாங்க வந்தவ, அப்படியே ஒங்களையும் பாக்க வந்துட்டா."

மாப்பிள்ளை குனிந்து பையைத் தூக்கினார். ஒரு பக்கமாகச் சாய்ந்து போனார்.

"ஜாக்கெட்டு நல்ல கனம்" என்றார்.

அப்போதுதான் சின்னம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். வேனில் அந்தப் பையை யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார் மாப்பிள்ளை. எங்கள் வீட்டு வாசலில் இறங்கியதும் அதைச் சின்னம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார். உள்ளே போய் முறுக்கை நன்றாகச் சாப்பிட்டார். அம்மாவுக்குப் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது.

ஒரு வாரம் கழித்து நானா மெதுவாக நடந்து வந்தார். மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லையாம். "சரியாக் கேட்டீங்களா நானா?" என்று அம்மா மூன்று தடவை கேட்டார். பிறகு பழி முழுக்க மாமா தலையில் விழுந்தது. "பொண்ணு பாக்க வந்தவங்களுக்குச் சமாதியும் விஷமும் காட்டுனா எவன்டா கட்டுவான்?" மாமா அந்த ஸ்டேசன் பக்கம் லோரியைத் திருப்பவே இல்லை. அம்மா சின்னம்மாவைப் பார்த்துப் பார்த்து உருகினார். பெண் மனசு உடைந்து போயிருக்கிறது, கொஞ்ச நாள் இடம் மாறி இருக்கட்டும் என்று கோலாலம்பூரில் வேலைக்குப் போக அம்மாவே சம்மதித்தார்.

வழியனுப்ப அதே ஸ்டேசனுக்குப் போனோம். அதே பை. தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை. எனக்கு அந்த மாப்பிள்ளை மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த ஆளு நாசமாப் போகட்டும் சின்னம்மா" என்றேன்.

சின்னம்மா என் வாயில் ஒரு தட்டுத் தட்டினார். "அப்படிச் சொல்லாத. ரொம்ப நல்ல மனுசன்."

ரயில் போய்விட்டது. வேண்டாமென்று சொன்னவரைக்கூடத் திட்ட விடவில்லையே, சின்னம்மாவுக்கு அவர்மேல் எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும் என்று நினைத்து, செமோர் வந்து சேரும் வரை பஸ்ஸில் விம்மி விம்மி அழுதேன்.