இல்லாத டிவியை வரைய விட்டவர்

செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் அட்டெண்டர் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து தந்தார். ரெஜினா டீச்சர் காலையில் காலமானார் என்று எழுதியிருந்தது. கரும்பலகையில் கணக்கு பாதியில் நின்றது. அதை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் விட்டுவந்தேன் என்று தெரிந்தால் டீச்சரே திட்டியிருப்பார்.

தாம்பரத்தில் எங்கள் பள்ளியில் அவர் டிராயிங் டீச்சர், நான் கணக்கு. ஸ்டாஃப் ரூமில் பன்னிரண்டு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பரீட்சை நெருங்கினால் அவருடைய பீரியடைக் கேட்டு வாங்கிவிடுவேன். "எடுத்துக்கங்க மிஸ். உங்க பசங்களுக்கு வட்டம் ஒழுங்கா வரலன்னா எங்கிட்டதான் அனுப்புவீங்க" என்பார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நவம்பர் மழை. செம்பாக்கம் பக்கம் ஏரியோரக் குடிசைகளில் தண்ணீர் புகுந்து, முப்பது குடும்பங்கள் எங்கள் வகுப்பறைகளுக்கு வந்தன. சோறு கிடைத்தது, போர்வை கிடைத்தது. மீதி நேரமெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். குப்பம்மா என்ற சித்தாள், தன் வீட்டுச் சுவர் விழுந்ததைக் கண்ணெதிரே பார்த்தவர், நான்கு நாட்களாக ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தை மடியில் ஏறினாலும் அவர் கை அசையவில்லை. "டீச்சரம்மா, இது இப்டியேதான் இருந்துடுமா?" என்று அவர் கணவர் ஆறுமுகம் என்னைக் கேட்டார்.

ஐந்தாம் நாள் ரெஜினா டீச்சர் பழைய கேள்வித்தாள் கட்டுகளையும் கலர் சாக்பீஸ் டப்பாக்களையும் தூக்கிக்கொண்டு வந்தார். "பின்பக்கம் வெத்தாத்தான் இருக்கு. உங்க வீட்டை வரைங்க. எது எங்க இருந்துச்சோ அங்கயே போடுங்க" என்றார்.

யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ ஒரு பேச்சு கிளம்பியது. வரைந்த படத்தைத் தாலுகா ஆபீசில் பார்த்து, போன சாமானுக்கெல்லாம் நஷ்டஈடு தருவார்களாம். அரை மணியில் குப்பம்மாவைத் தவிர எல்லோர் கையிலும் சாக்பீஸ். பீரோ வந்தது, கட்டில் வந்தது. கரண்டே இல்லாத குடிசைகளில் ஃபேன் சுற்றியது.

நான் பதறிப்போனேன். "இது அப்ளிகேஷன் இல்லன்னு சொல்லிடுங்க டீச்சர். அப்புறம் ஏமாந்துடுவாங்க."

"சாயங்காலம் சொல்றேன். இப்பதான் கையே அசையுது."

குப்பம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் வேணி, ஆன்டெனாவோடு ஒரு டிவி வரைந்தார். குப்பம்மா வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்தார். பிறகு, தொண்டை கட்டிய குரலில், "ஏய் வேணி, உன் வூட்ல ஏதுடி டிவி?" என்றார்.

வேணி வரைவதை நிறுத்தவில்லை. "இருந்துச்சு. நீதான் பாக்கல."

"ரேடியோவே எங்க வூட்டாண்ட வந்துதான கேப்ப. இதுல ஆன்டெனா வேற. காக்கா குந்துனாலே ஒழுவுற கூர."

அறையே சிரித்தது, வேணி உட்பட. ஆறுமுகம் மட்டும் அழுதார். குப்பம்மா உள்ளங்கையால் டிவியைத் தேய்த்து அழித்துவிட்டு, வேணி வீட்டில் உண்மையில் இருந்ததையெல்லாம் தானே வரைந்து கொடுத்தார். அப்புறம் தன் வீட்டை வரைந்தார். விழுந்த சுவரின் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டார். டீச்சர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் குப்பம்மாவே சாக்பீஸ் கேட்டு வாங்கிச் சுவரையும் போட்டார்.

சொன்னபடி சாயங்காலம் டீச்சர் எல்லோரையும் உட்காரவைத்தார். "இதை எந்த ஆபீஸ்லயும் வாங்க மாட்டாங்க. இது உங்களுக்குத்தான். முன்னாடியே சொல்லாதது என் தப்பு." ஒரு பெரியவர், "அப்போ என் மாட்ட இன்னும் கொஞ்சம் பெருசாவே போட்டுக்கறேன்" என்றார். படத்தை ஒருவரும் திருப்பித் தரவில்லை.

அந்த ஒரு மதியம் அவர்களை நம்ப விட்டது சரியா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. பல ஆண்டுகள் கழித்து டீச்சரிடமே அதைக் கேட்டேன். "சாயங்காலம் வரைக்கும் எனக்குப் படபடன்னுதான் இருந்துச்சு மிஸ்" என்றார். தொண்ணூறுகளில் ஒரு பயிற்சி வகுப்பில், புயல் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஓவியத்தால் சிகிச்சை தருவதைப் பற்றி ஒருவர் ஸ்லைடு போட்டு விளக்கினார். டீச்சர் என் காதருகே குனிந்து, "இதுக்குப் பேர்லாம் இருக்கா?" என்றார்.

அடக்கத்துக்கு முன் அஸ்தினாபுரம் வீட்டுக்குக் குப்பம்மாவும் வேணியும் வந்தார்கள். குப்பம்மா ஒரு தாளைப் பிரித்தார். கலர் சாக்பீஸில் டீச்சரின் முகம்.

வேணி எட்டிப் பார்த்தார். "டீச்சர் மூக்கு இம்மாம் நீளமா கீதா?"

"நீ பேசாத. டிவி வரைஞ்சவதான நீ."

சாவு வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம். டீச்சரின் மகள் அந்தப் படத்தை வாங்கிப் பெட்டிக்குள் அம்மாவின் கையருகே வைத்தார். மூக்கைப் பற்றிய தகராறு வாசல் வரை கேட்டது.

போய் வாருங்கள், டீச்சர். குப்பம்மா இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.